நடுவில் கேட்ட குழல்

எங்கள் வீட்டின் முதல் ஸ்டீரியோவை நான் பாட்டுக் கேட்பதற்காகச் சேர்க்கவில்லை. என் மகளின் இடக்காது கேட்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகச் சேர்த்தேன். அன்று இதை யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் இறுதி ஆண்டுகள் அவை. கொல்லிமலையில், அரியூர் நாட்டு அரசுப் பள்ளியில் நான் ஆசிரியை. கணவருக்கு அஞ்சலகத்தில் வேலை. மகளுக்கு ஐந்து வயது நிறைந்திருந்தது. அந்தத் தை மாதம் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டது. தாடையின் இரு புறமும் புடைத்து, விழுங்க முடியாமல் அழுதாள். வழக்கப்படி என் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டோம். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. சங்கிலி என் கழுத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் கவனித்தேன். இடப்புறத்திலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை.

ஒவ்வொரு முறையும் அல்ல. அதுதான் என்னை வதைத்தது. ஒரு முறை திரும்புவாள். அடுத்த இரண்டு முறை சுவரைப் பார்த்தபடி இருப்பாள். மறுநாள் மறுபடியும் கூப்பிட்டுப் பார்ப்பேன்.

என் சித்திக்கும் சிறுவயதில் இதே நோய் வந்து ஒரு காது போயிருந்தது. ஒற்றைக் காதால் அவருக்குப் பேச்சு கேட்டது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் விளங்கியதே இல்லை. முற்றத்தில் நிற்கும்போது யாராவது பெயர் சொல்லி அழைத்தால், கிணற்றைப் பார்ப்பார், தொழுவத்தைப் பார்ப்பார், கடைசியில் அழைத்தவரைப் பார்ப்பார். பிள்ளைகள் நாங்கள் ஒளிந்து நின்று கூப்பிட்டு, அவர் சுற்றிச் சுற்றித் திரும்புவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது என்பதை அந்த மாதங்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

கணவரிடம் ஒருநாள் மேலோட்டமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் எளிதாக எடுத்துக்கொண்டார். “கூப்பிட்டாத் திரும்பாதது உங்க ஊட்டு வழக்கந்தான். உங்கப்பாவ நான் கூப்பிட்டு என்னைக்குத் திரும்பிப் பாத்திருக்கறாரு?” என்றார். சேலத்தில் காது மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனால் மருத்துவரிடம் போவது என்பது விடையை ஓர் அந்நியர் வாயிலிருந்து, திரும்பி வரும் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொள்வது. எனக்கு விடை வேண்டும். ஆனால் அதை முதலில் என் வீட்டுக்குள் நானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அது கோழைத்தனம் என்று இன்று தெரிகிறது.

வீட்டுச் சோதனைகள் எதுவும் பயன்படவில்லை. கரண்டியால் தட்டினேன், பூசை மணியை ஆட்டினேன். அவள் என் தோளின் அசைவைப் பார்த்தே விடை சொன்னாள். துண்டால் கண்ணைக் கட்டினால் கண்ணாமூச்சி என்று எண்ணி ஓடினாள். கண்ணைக் கட்டி உட்கார வைத்தாலும், சாணம் மெழுகிய தரையில் என் காலடி எந்தப் பக்கம் போகிறது என்பதை உணர்ந்துவிடுவாள் போலிருந்தது. நான் அசையாமலே இரு புறமும் ஒலி எழுப்பும் ஏதோ ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

அதைப் பேளுக்குறிச்சிச் சந்தையில் கண்டேன். மாதத்துக்கு ஒரு முறை மளிகை வாங்க நாங்கள் மலையிறங்கி அங்கே போவது உண்டு. கொத்துமல்லி மூட்டைக்கும் புளி மூட்டைக்கும் இடையில் ஒரு சாக்கை விரித்து, சேந்தமங்கலத்தில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பாய் ஒருவர் இசைத்தட்டுகளை அடுக்கியிருந்தார். கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். எல்லோரும் கேசட்டுக்கு மாறிவிட்டதால் தட்டுகளைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஓர் அட்டையின் பின்புறம் சிறிய படம் அச்சாகியிருந்தது: இடப்பக்கப் பெட்டியின் மேல் வீணை, வலப்பக்கப் பெட்டியின் மேல் குழல், நடுவே ஒரு நாற்காலி. நெடுநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டும் உண்மையிலேயே தனித்தனிப் பக்கத்திலிருந்து கேட்குமா என்று பாயிடம் விசாரித்தேன். “அட்டையிலயே போட்டிருக்குதில்லீங்க டீச்சர், கேக்கும்” என்றார்.

அந்தத் தட்டோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு தட்டுகளை வாங்கினேன். கணவர் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். “ஏன் டீச்சரம்மா, இத எதுல போட்டுக் கேக்கப் போற? தோசக்கல்லுலயா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்களிடம் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தவிர எதுவும் இல்லை. புதிய ஸ்டீரியோ எங்கள் சம்பளத்துக்கு எட்டாதது. ஆகவே துண்டு துண்டாகத்தான் சேர்க்க முடிந்தது. தட்டைச் சுழற்றும் பெட்டியைப் பாயே தந்தார். இருபது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் போய்வந்த பெட்டி அது. முள் தாண்டிக் குதிக்காமலிருக்க அதன் தலையில் ஒரு பழைய காசை ஒட்டியிருந்தார். வீட்டுக்கு அது வேண்டாம், தட்டைத் தின்றுவிடும் என்று சொல்லி அவரே பிய்த்தெடுத்தார். புதிய முள்ளைச் சேலத்திலிருந்து வரவழைத்தார். ஒலி பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை ஒரு தகரப் பெட்டிக்குள் தன் கையாலேயே கட்டித் தந்தார். அதில் ஒலியைக் கூட்ட ஒன்று, அடிக்குரலைத் தடிப்பாக்க ஒன்று என இரண்டே திருகுகள்.

சுழற்றும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மலையேறினேன். முள் பொருத்திய கையை வெள்ளை நூலால் கட்டியிருந்தார் பாய். “கொழந்தைக்கு அரைஞாண் கட்டற மாதிரி கட்டியிருக்கறனுங்க, ஊடு போற வரைக்கும் அவுக்காதீங்க” என்று சொல்லியிருந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த நூலை விட்டு என் கண் அகலவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த பெண் தன் வாழைத்தாரை நகர்த்தி எனக்கு இடம் தந்து, உள்ளே என்ன, கோழிக்குஞ்சா என்று கேட்டார்.

ஸ்பீக்கர்களுக்கான பெட்டிகளை எங்கள் ஊர்த் தச்சரே செய்தார். மிளகுக் கொடி ஏற்றுவதற்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களில் ஒன்று காற்றில் விழுந்திருந்தது, அதன் பலகைகள். முதல் முறை ஒரு பெட்டி மற்றதைவிடக் கட்டைவிரல் அகலம் குட்டையாக வந்தது. திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை துளையின் அளவு ஒத்துவரவில்லை. மறுபடியும் அனுப்பினேன். “ரெட்டைக் கொழந்தைக்குத் தொட்டிலா செய்யற, இப்படி அளந்து அளந்து பாக்கற?” என்றார் கணவர். இரண்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் சோதனை பொய்யாகிவிடும் என்பது எனக்குள்ள காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. பெட்டிகள் வந்து சேர்ந்துவிட்டால் நான் சோதனை செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறை தச்சர் அவற்றைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோதும் எனக்குள் ஒரு மூச்சு இளகியது.

நான்கு மாதங்கள் இப்படிக் கழிந்தன. கடைசியில் பாய் தன் மோட்டார் சைக்கிளில் மலையேறி வந்து எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தார். ஒரு தட்டைப் போட்டுக் காட்டினார். வீடு முழுக்க ஒலி நிறைந்தது. கணவர் மிகவும் மகிழ்ந்துபோய் அவருக்கு இரண்டு முறை காபி கொடுத்தார். நான் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட இடம் போதுமா என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.

மாலையில் ஊரெங்கும் விளக்குகள் எரியத் தொடங்கினால் மின்சாரம் குறைந்து தட்டு தளர்ந்து சுழலும். குழலின் குரல் தடித்துப் போகும். அதனால் ஒரு ஞாயிறு காலையைத் தேர்ந்தேன். கணவர் மகளை என்னிடம் விட்டுவிட்டுக் கறி வாங்கப் போயிருந்தார். அவளை நாற்காலியில் அமர்த்தி, கண்ணை மூடச் சொன்னேன். வீணையையும் குழலையும் முன்பே தனித்தனியாக அவளைக் கேட்க வைத்துப் பழக்கியிருந்தேன். முள்ளை வைத்தேன். சில நொடிகள் வெறும் இரைச்சல். பின்பு வீணை தொடங்கியது.

வீணை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் கையை நீட்டி நேராக முன்னால் காட்டினாள். “நடுவுல” என்றாள். குழல் வந்தது. அதையும் நடுவில் என்றாள். நன்றாகக் கேட்டுச் சொல் என்றேன். அவள் முகத்தைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, பாவம், மிகுந்த கவனத்தோடு கேட்டாள். “நடுவுலதாம்மா.” தட்டைத் திருப்பிப் போட்டேன். மீண்டும் முதலிலிருந்து வைத்தேன். ஐந்து முறை கேட்டேன். ஐந்து முறையும் அதே சொல்.

நான் முள்ளை எடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன். நீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த மூன்று வாரங்கள் என் மகளை ஒற்றைக் காதுள்ள பிள்ளையாகவே நடத்தினேன். சாலையில் அவளுக்கு இடப்புறமாக நடந்தேன், அந்தப் பக்கம் வரும் லாரி அவளுக்குக் கேட்காது என்று. அந்த ஆண்டு என் வகுப்பிலேயே சேர்ந்திருந்த அவளை இடக்கோடி பெஞ்சில் உட்கார வைத்தேன், நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் என்று. இருபது ஆண்டு கழித்து வரப்போகும் சம்பந்திகளிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட வாக்கியங்கள் அமைத்துப் பார்த்தேன். இத்தனைக்கும் நடுவில், நம்பிக்கை முற்றாக விடவில்லை போலும், நாளுக்குப் பத்து முறை இடப்புறமாக நின்று அவளைக் கூப்பிட்டுப் பார்ப்பதை மட்டும் நான் நிறுத்தவே இல்லை. அவள் திரும்புவது மேலும் குறைந்தது. நோய் வளர்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு அன்று, கணவர் அதே தட்டைப் போடச் சொன்னபோது, என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்: சங்கிலியை, சித்தியை, அட்டைப் படத்தை, நாற்காலியை. அவர் கேலி எதுவும் பேசவில்லை. இதற்காகவா இத்தனையும் என்று மட்டும் மெல்லக் கேட்டார். பிறகு மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் அமர்ந்தார். என்னை முள்ளை வைக்கச் சொல்லிவிட்டுத் தன் கண்களை மூடிக்கொண்டார்.

வீணை ஒலித்தது, குழல் சேர்ந்தது. அவர் தலையை இப்புறமும் அப்புறமும் சாய்த்துக் கேட்டார்.

“ஏம்மா,” என்றார், “எனக்கும் நடுவுலதான் கேக்குது.”

மடியிலிருந்த மகள், நான் அப்பவே சொன்னேனல்ல என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே, சுவரில் நாட்காட்டி தொங்கிய இடத்தில், வீணையும் குழலும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தன. அந்தத் தட்டை நான் எத்தனையோ முறை போட்டிருந்தேன். ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் கண்ணும் காதும் என் மகளின் முகத்திலேயே இருந்துவிட்டன.

மறு சனிக்கிழமை சுழற்றும் பெட்டியை மீண்டும் மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் சேந்தமங்கலம் இறங்கினோம். பாய் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைக் கழற்றினார். முள்ளிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் சேர்த்து ஒரு சிறு துண்டுக் கம்பியால் பற்றவைத்திருந்தது. வீணைக்கும் குழலுக்கும் இருந்த தனித்தனிப் பாதைகளை அந்தக் கம்பி ஒன்றாக்கியிருந்தது. பழுதென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அது தன் கை வேலைதான் என்றார்.

“கோயில் நோம்பியில இந்தக் கோடியில ஒரு கொழாய் ஸ்பீக்கரு, அந்தக் கோடியில ஒரு கொழாய் ஸ்பீக்கரு கட்டறமுங்க. பிரிச்சு உட்டா இந்தத் தெருவுக்கு வீணையும் அந்தத் தெருவுக்குக் குழலுமாப் போகும். அப்பறம் ‘எங்க தெருவுக்கு மட்டும் பாதிப் பாட்டா, நாங்க வரி குடுக்கலியா’ன்னு சண்டைக்கு வந்துருவாங்க. அதனால எங்கிட்ட வார பெட்டிக்கெல்லாம் மொத வேலையே இதுதானுங்க.” சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “காசப் பிச்சனே, இதப் பிரிக்க மறந்துட்டனுங்க.”

இணைத்துக் கொடுத்த அன்று உங்களுக்குத் தெரியவில்லையா என்று கணவர் கேட்டார். பாய் தன் வலக்காதைத் தொட்டுக் காட்டினார். குழாய் ஒலிபெருக்கிகளுக்கு அடியிலேயே முப்பது ஆண்டு உட்கார்ந்ததில் அந்தக் காது போய்விட்டதாம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மகள் கடை வாசலில் பழைய பல்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி அவரிடம் கேட்டேன்: அப்படியானால், பாட்டு எந்தப் பக்கம் கேட்கிறது உங்களுக்கு?

“எப்பவுமே இந்தப் பக்கந்தானுங்க,” என்று இடக்காதைத் தொட்டார். “அந்த ஓரத்துல வெச்சாலும் இந்தப் பக்கம், நடுவுல வெச்சாலும் இந்தப் பக்கம். நடுவுங்கறதே எனக்குக் கெடையாதுங்க டீச்சர். அதுக்கு ரெண்டு காதும் வேணுமில்லீங்களா?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து முறை கேட்டேன். ஐந்து முறையும் அவள் சரியான விடையைச் சொல்லியிருக்கிறாள். நான்தான் அதைத் தவறு என்று திருத்தி வைத்திருக்கிறேன். பாய் கத்தரியால் கம்பியை வெட்டினார்.

வீடு திரும்பி மறுநாள் காலையில் மீண்டும் நாற்காலியைப் போட்டோம். இம்முறை சோதனையைக் கணவர் நடத்தினார். முள்ளை மட்டும் நான் வைத்தேன். வீணைக்கு அவள் இடப்பக்கம் காட்டினாள், குழலுக்கு வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் தயங்காமல், சற்றே சலிப்போடு. போதுமா, விளையாடப் போகட்டுமா என்று அனுமதி கேட்டுவிட்டு, வாசலில் போய்ப் புளியங்கொட்டைகளைப் பரப்பினாள்.

நான் அப்போதும் விடவில்லை. பின்னாலேயே போய், இடப்புறமாக நின்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அருகில் உட்கார்ந்தேன்.

“நாங் கூப்பிட்டது கேட்டுதா கண்ணு?”

“கேட்டுது.”

“அப்பறம் ஏன் சாமி திரும்பல?”

“நீ சும்மாதானம்மா கூப்பிடற,” என்றாள், கொட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். “திரும்புனா ஒண்ணுஞ் சொல்ல மாட்டிங்கற.”

தை மாதத்திலிருந்து நூற்றுக்கணக்கான முறை அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். திரும்பியபோதெல்லாம் அவள் காதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போயிருக்கிறேன். காரணமில்லாத அழைப்புக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று அந்தப் பிள்ளை நியாயமாகவே முடிவு செய்திருந்தது. முதல் நாள் அவள் ஏன் திரும்பவில்லை என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதாவது எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

கணவரின் வற்புறுத்தலால் சேலத்து மருத்துவரிடமும் போனோம். அவர் உலோகக் கவை ஒன்றைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே இரு காதுகளின் அருகிலும் வைத்துப் பார்த்து, இரண்டும் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அவர் சொல்லும் எனக்கு முழுதாகப் போதவில்லை. பேருந்தில் ஏறியதுமே, அவர் அவசரமாகப் பார்த்தாரோ என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். ஆனால் காரணமின்றிக் கூப்பிடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். அது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. வாயில் அவள் பெயர் வந்து நிற்கும், விழுங்கிக்கொள்வேன். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் மட்டுமே கூப்பிட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு பிற்பகலில், பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் வாசலில் காயப் போட்டிருந்த மிளகைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போயிருந்தார். உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருந்தது. மலையில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை; எதிர்ச் சரிவு மறைந்ததைப் பார்த்ததும் நான் மிளகு கிடந்த கோரைப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவளை அழைத்தேன். அவள் திரும்புகிறாளா என்றுகூடக் கவனிக்கவில்லை. வாசலின் கோடியிலிருந்து ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். ஒரு மணிகூடச் சிந்தாமல் சுருட்டி உள்ளே இழுத்துப் போட்டோம். அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோதுதான், நான் அவளுடைய எந்தப் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன் என்பது எனக்கு நினைவில் இல்லை என்பதை உணர்ந்தேன்.